தீபலட்சுமியின் நீச்சல் பேட்ஜ்

முத்தியால்பேட்டை,
20.1.2025

அன்புத் தங்கை லூர்துசெல்விக்கு,

கூடப்பிறக்காத அண்ணன் கமலக்கண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சுகம். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். சாப்பிட்டிருக்க மாட்டாய். சாப்பிடு.

நாலு முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். என் மச்சினன் கலைவாணன் வக்கீல் இல்லையா, அவன்தான் தடுத்தான். போனில் பேசினால் பதிவாகும், வாட்ஸ்அப்பில் எழுதினால் அழித்தாலும் தோண்டி எடுப்பார்களாம். கடிதம்தான் பத்திரம். படித்தோம், கிழித்தோம், போச்சு. முகாம் கலைக்கும்போது அடுப்பு இருந்த இடம்கூடத் தெரியாமல் துடைத்துவிட்டு வருவோமே, அந்த மாதிரி. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

இருபத்தாறு வருஷமாக ஸ்கவுட் மாஸ்டராக இருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு வந்தால்கூட நானே டிஞ்சர் போட்டிருக்கிறேன். போன ஞாயிறு தவளக்குப்பத்துக்குக் கிழக்கே அந்தக் கழிமுகத்தில் முகாமின் கடைசி நாள், விருந்தினர்களுக்கு முன்னால் நீரில் விழுந்தவரைக் கயிறு வீசி மீட்கும் செய்முறை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். உன் கைடு பெண் தீபலட்சுமி இறங்கினாள், பள்ளம் இருந்த பக்கம் போனாள், கையை ஆட்டினாள். நடிக்கிறாள் என்று நினைத்துக் கைதட்டச் சொன்னேன். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

சாரணர் சங்கம் மூன்று பேர் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. நீ எதற்கும் பயப்படாதே. நான் இருக்கிறேன். பேட்ஜ் தேர்வுகளைப் பதியும் அந்தப் பெண்ணின் லாக் புக் எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுது.

இடது கை குலுக்கலோடு,
அண்ணன் கமலக்கண்ணன்


நெல்லித்தோப்பு,
24.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் போனை எடுக்காததில் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் ஒரு பத்து நிமிஷம் நீங்கள் வந்திருக்கலாம்.

தீபலட்சுமி கண் திறந்துவிட்டாள். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். ஆனால் நாலைந்து நிமிஷம் தண்ணீருக்கு அடியில் இருந்ததில் மூளைக்குக் காற்று போகவில்லையாம். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு வரவில்லை. அம்மா முகத்தையே ஏதோ விட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். பதினாலு வயசு அண்ணே. அவள் அம்மா அமுதவல்லி கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவள், இன்னும் அதே புடவையில்தான் இருக்கிறாள். எனக்கு இட்லி வாங்கிக் கொடுக்கிறாள். "நீங்க தின்னுங்க மிஸ், நீங்க வுழுந்துட்டா எம் பொண்ண யாரு பாக்குறது" என்கிறாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

லாக் புக் என்னிடம்தான் இருக்கிறது. மாநில விருதுக்கு அனுப்ப என் ஒன்பது பெண்களுடையதையும் வாங்கி வைத்திருந்தேன். நீச்சல் பேட்ஜ் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அந்த ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் பதினைந்து. நம் படைப் பிள்ளைகளுக்கு நாமே தேர்வு வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் பெரிய மார்க்கெட் பக்கம் காபிக் கடையில் உட்கார்ந்து புத்தகங்களை மாற்றிக்கொண்டோம். உங்கள் பதினோரு பையன்களுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், என் ஒன்பது பெண்களுக்கு நீங்கள் போட்டீர்கள். வருஷா வருஷம் செய்வதுதான். தீபலட்சுமி புத்தகத்தை நீட்டும்போது மட்டும் நான் தயங்கினேன். இவள் நீந்தி நான் பார்த்ததில்லை என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "கனகசெட்டிக்குளத்து மீனவப் பொண்ணுக்கு நீச்சல் தெரியாம இருக்குமா செல்வி? மீனுக்கே டெஸ்ட் வப்பியா?" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

இப்போதுதான் தெரிகிறது, அந்த ஊரில் பெண் பிள்ளைகளை யாரும் கடலுக்குள் விடுவதில்லையாம். கூடையும் சந்தையும்தான் அவர்களுக்கு.

தண்ணீரில் இறங்கும் முன் கரையில் அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். அதை இப்போது எழுத என்னால் முடியவில்லை.

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அச்சு மாதிரி கையெழுத்து, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது. கிழிக்கச் சொல்கிறீர்கள்.

இடது கை குலுக்கலோடு,
தங்கை செல்வி


முத்தியால்பேட்டை,
28.1.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம். திட்டிக்கொள். நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றால் நாலு பேர் படம் எடுப்பார்கள், அது இயக்கத்துக்கு நல்லதில்லை. வராததும் உனக்காகத்தான்.

செல்வி, நிதானமாக யோசி. இந்தக் காலத்தில் எவன் வருகிறான் இந்த வேலைக்கு? சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பெற்றோர் வந்தால் ஒரே கேள்வி, "சர்டிபிகேட் எப்ப கெடைக்கும் சார்? அட்மிஷனுக்கு வேணும்." பையனுக்கு ஒரு முடிச்சாவது போடத் தெரியுமா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கூடாரம் அடித்தால் கொசு என்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் முகாம் வைக்கச் சொல்கிறார்கள். எல்லாம் ஆன்லைன் பதிவு, தேதி தாண்டினால் பிள்ளையின் ஒரு வருஷம் போச்சு. இருபது பேட்ஜை ஒரு மனுஷன் எப்படித் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பான்? இதெல்லாம் வெளியே இருப்பவனுக்குப் புரியாது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒரு வரி வெளியே போனால் ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளின் ஸ்கார்ஃபும் குப்பைக்குப் போகும்.

கலைவாணன் ஒரு வழி சொல்கிறான். பார்க்காமல் போட்டால் அது மோசடி, போலீஸ் வரும். நம்பிப் போட்டால் அது பிசகு, கண்டிப்போடு முடியும். நம்முடைய முதல் விதி என்ன? சாரணரின் சொல் நம்பத்தக்கது. அந்தப் பெண்ணுக்கு நீச்சல் தெரியும் என்று நீ உறுதிமொழியின் மேல் என்னிடம் சொன்னதாகவும், அதை நம்பி நான் போட்டதாகவும் உன் கைப்பட ஒரு தாளில் எழுதிக் கொடு. என் பதினோரு பையன்களுக்கு நான் அதேபோல உனக்கு எழுதித் தருகிறேன். இரண்டும் என் பீரோவில் இருக்கும். நம் இருவர் சம்மதம் இல்லாமல் ஒன்றும் வெளியே வராது. நீ அரசுப் பள்ளி வேலையில் இருக்கிற பெண். நான் ரிட்டையர் ஆனவன், அடி விழுந்தால் என் முதுகில் விழட்டும்.

லாக் புக்கையும் அனுப்பிவிடு. உன் வீட்டில் இருப்பது ஆபத்து.

கரையில் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு வேண்டாம். யாருக்கும் வேண்டாம். அதை நீயும் மறந்துவிடு.

கிழித்துவிடு.

இடது கை குலுக்கலோடு,
அண்ணன்


நெல்லித்தோப்பு,
2.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கேட்டபடி தனித் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். லாக் புக்கும் இருக்கிறது. மூன்று தாளைக் கசக்கிவிட்டு நாலாவதில்தான் எழுத வந்தது. நான் உறுதிமொழியின் மேல் எதுவும் சொல்லவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் சொன்னால் அதில் ஒரு கணக்கு இருக்கும். பயிற்சி முகாமில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று கிலோமீட்டர் என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவர் நீங்கள். அதற்கப்புறம் உங்களைச் சந்தேகப்பட எனக்குத் தெரியாது.

உங்கள் தாளை மறக்காமல் அனுப்புங்கள்.

தீபலட்சுமியை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அமுதவல்லி என்னிடம் ஒன்று கேட்டாள். "நீச்சல் தெரியாத பொண்ணுக்கு நீச்சல் பட்டை எப்பிடி மிஸ் வந்துச்சு?" விசாரணை நடக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி எழுந்து வந்துவிட்டேன். பஸ் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் அழுதேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இடது கை குலுக்கலோடு,
செல்வி


முத்தியால்பேட்டை,
14.3.2025

சகோதரி லூர்துசெல்வி அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். கனத்த மனதோடு இதை எழுதுகிறேன்.

விசாரணைக் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, உறுதிமொழியின் பேரில் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். மூன்று விரலைத் தூக்கி உறுதிமொழி எடுத்தவன் நான். நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை மறைக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு, இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்று தலைவரே நெகிழ்ந்துபோனார். அதனால்தான் போலீஸ் வரை போகவில்லை என்பதை நீங்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எல்லோருக்கும் கௌரவமான ஒரு முடிவு எழுதியிருக்கிறோம். தீபலட்சுமி தனக்கு நீச்சல் தெரியும் என்று உங்களிடம் தவறாகச் சொன்னாள், நீங்கள் அதை நம்பினீர்கள், நான் உங்களை நம்பினேன். பேட்ஜ் ஆசையில் பிள்ளைகள் ஒரு சின்னப் பொய் சொல்வது உலகத்தில் இல்லாததா? அவளால் இப்போது பேச முடியாது என்பதால் அவளை யாரும் கேள்வி கேட்கப் போவதும் இல்லை. இணைத்திருக்கும் அறிக்கையில் மூன்றாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். போடாவிட்டால் அந்தப் பொய் உங்களுடையதாகத்தான் ஆகும்.

உங்களைக் கைடு கேப்டன் பொறுப்பிலிருந்து விடுவித்திருக்கிறார்கள். ஸ்கார்ஃப், அதைக் கோக்கும் வாகிள் வளையம், பயிற்சிச் சின்னம் மூன்றையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்கார்ஃபைத் துவைத்து அனுப்பினால் நல்லது, அடுத்த கேப்டனுக்குக் கொடுப்பார்கள். காரைக்காலுக்கு மாற்றல் வருவதாகக் கேள்விப்பட்டேன். கடற்கரை ஊர், உடம்புக்கு நல்லது. நீங்கள் ஒத்துழைத்தால் அடுத்த வருஷம் திரும்பக் கொண்டுவர இரண்டு பேரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்களுக்கு எழுதித் தருவதாகச் சொன்ன தாள் இப்போது அவசியப்படாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
கமலக்கண்ணன்
கௌரவ மாவட்டச் செயலாளர்


நெல்லித்தோப்பு,
19.3.2025

அண்ணனுக்கு,

மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போடும் முன் ஒரு மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு வருஷ வேலை. அப்பா படுக்கையில். மகன் லூர்துபிரகாஷ் பிளஸ் டூ. காரைக்காலுக்குப் போனால் இரண்டு பேரையும் யார் பார்ப்பார்கள்? இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன, உங்களுக்குத் தெரியாததா. தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்கார்ஃபைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு கறை போகவில்லை. கழிமுகத்துச் சேறு. அன்று அவள் வாயைத் துடைத்தது இந்த ஸ்கார்ஃபால்தான். அடுத்த கேப்டன் கேட்டால் என்ன கறை என்று சொல்லிக்கொடுங்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். அவள் பொய் சொல்லவே இல்லை.

செல்வி


முத்தியால்பேட்டை,
22.8.2025

அன்புத் தங்கைக்கு,

காரைக்கால் பழகிவிட்டதா? அப்பா எப்படி இருக்கிறார்? பையன் காலேஜ் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள், சந்தோஷம். நீ ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. பெரியவன் நான்தான் முதலில் எழுத வேண்டும் போலிருக்கிறது.

இங்கே நிறைய மாறிவிட்டது. பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று புது நெறிமுறை கொண்டுவந்திருக்கிறோம். நான்தான் எழுதினேன். இனி நீச்சல் பேட்ஜுக்கு வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும், இரண்டு தலைவர்கள் கரையில் நிற்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களும் நகல் கேட்கிறார்கள். அதற்காக எனக்கு ஒரு பதக்கம் தரப் போகிறார்கள், நவம்பரில் விழா. ஒரு கெட்டது நடந்ததில் இப்படி ஒரு நல்லதும் விளைந்திருக்கிறது பார்.

புது கேப்டன் சிவசங்கரி. துடிப்பான பெண், ஆனால் உன் மாதிரிப் பாட்டு வராது. பிள்ளைகள் முகாம் நெருப்பைச் சுற்றி மந்தமாக உட்கார்ந்திருக்கிறார்கள். உன்னைக் கேட்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் மாற்றல் விஷயம் நல்ல இடத்தில் இருக்கிறது. ஒன்றே ஒன்று. ஜனவரியில் நான் எழுதியவற்றை அப்போதே கிழித்துவிட்டாய் அல்லவா? கிழித்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்தாய், உன் சொல்லை நான் நம்பத்தான் செய்கிறேன். ஒரு வார்த்தை எழுதினால் பதக்க விழாவுக்குள் நிம்மதியாகத் தூங்குவேன்.

இடது கை குலுக்கலோடு,
அண்ணன் கமலக்கண்ணன்


நெல்லித்தோப்பு,
4.10.2025

கமலக்கண்ணன் அவர்களுக்கு,

பூஜை விடுமுறைக்கு வந்தேன். உங்கள் கேள்விக்கு முதலில் பதில். கிழிக்கவில்லை. கிழித்துவிட்டேன் என்று இரண்டு முறை எழுதியது பொய். அப்போது உங்கள்மேல் சந்தேகம் எதுவும் கிடையாது. உங்கள் எழுத்தைக் கிழிக்க மனசு வராமல் பைபிளுக்குள் வைத்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கனகசெட்டிக்குளம் போனேன். மார்ச்சில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அந்தப் பக்கம் போக எனக்கு முகம் இல்லை. அமுதவல்லி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களால உங்களையும் காரைக்காலுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்களே மிஸ்" என்று அழுதாள். டீ போட்டாள். சங்கத்திலிருந்து ஒரு ஐயா வந்து அறிக்கையைப் படித்துக் காட்டினாராம். யார் என்று கேட்டேன், கையெழுத்து அழகாக இருந்தது என்றாள்.

தீபலட்சுமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் புடவையால் கட்டி உட்காரவைக்கப்பட்டிருந்தாள். வாயோரம் ஈரம். அமுதவல்லி அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "தெனமும் கேக்குறேன் மிஸ். ஏண்டி பொய் சொன்ன, ஏண்டி பொய் சொன்னன்னு. ஒரு நாளு கோவத்துல அடிச்சுட்டேன். அவளுக்கு வாயி வரல, கண்ணுல தண்ணி மட்டும் வருது."

அடித்திருக்கிறாள். உங்கள் கௌரவமான முடிவும் என் கையெழுத்தும் சேர்ந்து அந்தக் குழந்தையை அடித்திருக்கின்றன.

அப்போது தீபலட்சுமி என்னைப் பார்த்தாள். அம்மா முகமே நிறைய நாள் அவளுக்குப் பிடிபடுவதில்லையாம். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். வலது கை வராததால் இல்லை. அது நான் சொல்லிக்கொடுத்தது. மற்றவர்கள் வலது கை கொடுப்பார்கள், நாம் இடது கை கொடுப்போம், அது இருதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் போன பிறகும் அது மட்டும் அவளுக்குள் இருக்கிறது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

காபிக் கடையைச் சொன்னேன். நீங்கள் சிரித்ததையும் நான் சிரித்ததையும் சொன்னேன். பிறகு, நீங்கள் வேண்டாம் என்ற அதையும் சொன்னேன். உங்களுக்கும் எழுதுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் அவள் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள், "மிஸ், எனக்கு நீச்சல் தெரியாது மிஸ்." விருந்தினர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னேன், "பேட்ஜ் வாங்கிட்ட இல்ல? எல்லாரும் பாக்குறாங்க. இடுப்பளவு தண்ணிதான், போ." அவள் மூன்று விரலைத் தூக்கி எனக்கு சல்யூட் வைத்துவிட்டு இறங்கினாள். கீழ்ப்படிகிற பிள்ளை.

அமுதவல்லி கூச்சல் போடவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. டீ டம்ளரை எடுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "அவ கைய வுடுங்க" என்றாள். நான் விட்டுவிட்டேன். தீபலட்சுமி விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக அமுதவல்லிதான் பிரித்து எடுத்தாள்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து பொய் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வேலை போகும். போகட்டும். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

போலீசுக்குப் போகும் முன் உங்களை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம் அமுதவல்லிக்கு. முகவரி கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் பெண்ணையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். வீட்டில் இருங்கள். கதவைத் திறந்ததும் தீபலட்சுமி உங்களை அடையாளம் கண்டுகொள்வாள் என்று நினைக்கிறேன். கையை நீட்டுவாள். எந்தக் கையைக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

லூர்துசெல்வி